காணாமல் போன நாற்பத்திரண்டு வோல்ட்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு என் மகளின் நெபுலைசர் குரல் மாறியது. அதுவரை கர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மெஷின் ம்ம்ம் என்று முனக ஆரம்பித்தது. முகமூடிக்குள் புகையாக வந்துகொண்டிருந்த மருந்து மெலிந்து நூலாகி நின்றது. எட்டு வயதுக்காரி முகமூடியைக் கழற்றாமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, மெஷினுக்கும் வீசிங்காம்மா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது பேட்டரியில் ஓடுவது, அதனால் நேரம் சரியாகத்தான் இருந்திருக்கும். கணவருக்கு பி ஷிஃப்ட், பத்து மணிக்குத்தான் விடும். ஓனரம்மாவோ தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஆனேக்கல் போயிருந்தார். கர்நாடகா பார்டரைத் தாண்டினால் அவர் செல்போன் ரோமிங். காசு பிடிக்கும் என்று எடுக்கவே மாட்டார் என்பது லைன் வீடு முழுக்கத் தெரியும்.

ஓனரம்மாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆறு வருடம் அவர் வீட்டில் குடியிருந்தும் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டாவது சந்தில் அந்த லைன் வீடு. முன்வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் ஓர் ஆள் நடக்கும் சந்து. பின்வரிசையில் நாலு, ஐந்து, ஆறு. ஒன்றாம் நம்பரில் அவரும் அவர் கணவரும். நாங்கள் ஆறு. "ஏ ஆறு, தண்ணி வந்துக்கினு இருக்குது பாரு!" என்று அவர் கத்தினால் நாங்கள் மூன்று பேரும் குடத்தோடு ஓடுவோம்.

ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், ஒரே மீட்டர். தனித்தனி மீட்டருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவர் காத்திருந்த காலம். வருகிற கரண்டை ஆறாகப் பங்கு பிரிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். அதை அவர் ஒரு பொறுப்பாக நினைத்தார் என்று சொல்வதுகூடக் குறைவு. அவர் வாழ்ந்ததே அதற்காகத்தான் என்று எங்களுக்குத் தோன்றும்.

வீடு கேட்டுப் போன முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் ஓசூரில் நான்கு வீடு பார்த்திருந்தோம். எல்லா இடத்திலும் முதல் கேள்வி சொந்த ஊர் எது. விருதுநகர் பக்கம் என்போம். இரண்டாவது கேள்வி சுற்றி வளைத்து, 'நீங்க என்ன ஆளுங்க?' மூன்றாவதாக என் மகள் இருமுவாள், அவர்கள் முகம் மாறும். இவர் இது எதையும் கேட்கவில்லை.

"என்னென்ன சாமான் வெச்சிருக்கீங்க? எத்தன வாட்டு?"

கணவர் திணறினார். "மிக்ஸி ஒண்ணு இருக்குங்க. ஐநூறு வாட் இருக்கும்."

"இருக்கும்னா? பாத்தியா?"

"அதுலயே எழுதியிருக்குங்க."

"எழுதினது வேற, இழுக்கறது வேற. கொண்டா."

அவர் கையில் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். நண்டு கொடுக்குபோல வாய் திறக்கும் ஒரு மீட்டர். டாங் டெஸ்டர் என்றார். ஒயரை வெட்டாமல், பிரிக்காமல், அந்தக் கொடுக்குக்குள் வைத்தால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். அதிலேயே இரண்டு முள் செருகி வோல்ட்டும் பார்க்கலாம். மிக்ஸியை ஓடவிட்டு, கொடுக்கைப் பூட்டி, கண்ணை ஒரு விநாடி மூடினார். "ரெண்டு ஆம்பியர் வருது. இருநூத்தி இருவது வோல்ட்டு. நானூத்தி நாப்பது. அறுவது வாட்டு பொய் சொல்லுது உன் மிக்ஸி." பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல. கொறச்சலா இழுத்தா நல்லதுதான். வந்துடுங்க."

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்துப் பதினோரு வருடம் ஒரு மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் பெஞ்சில் வேலை பார்த்தவர் அவர். ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டு, எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எழுதி, பாஸா ஃபெயிலா என்று முத்திரை குத்தும் வேலை. வேலையை விட்ட பிறகும் முத்திரை குத்தும் பழக்கம் விடவில்லை. அங்கே காயில்களுக்கு அடிக்கும் வார்னிஷ் நெடியில் மூக்கு மட்டும் போய்விட்டது. "மல்லியும் ஒண்ணு, மண்ணெண்ணெயும் ஒண்ணு எனக்கு" என்பார். அதனால்தானோ என்னவோ, மீட்டரில் தெரியாத எதையும் அவர் நம்புவதில்லை.

சந்தின் கோடியில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி மீட்டர் போர்டு. பக்கத்துச் சுவரில் கறுப்பு பெயின்ட் அடித்து ஒரு கரும்பலகை. அதில் ஒன்று முதல் ஆறு வரை நம்பர், ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டரை ஆம்பியர். ஆறு இரண்டரை பதினைந்து, ஃபியூஸ் தாங்குவதும் பதினைந்து. அவருடைய சொந்த வீட்டுக்கும் அதே இரண்டரைதான். அவர் கணவர் டி.வி. பார்த்துக்கொண்டே ஃபேனை ஐந்தில் வைத்தால் உள்ளிருந்து குரல் வரும்: "ஒண்ணு! மூணுல வை!"

மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி மாதிரியானவற்றுக்கு ஒரு சட்டம். சுவிட்சைப் போடுமுன் சந்தைப் பார்த்துக் கத்த வேண்டும்.

"நாலு மிக்ஸி போடறேன்!"

"போடு!" என்று ஐந்து வீட்டிலிருந்தும் பதில் வர வேண்டும். யாராவது இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தால், "இரு, ரெண்டு காலர் பாக்கி!" என்று வரும். காலை எட்டு மணிக்கு அந்தச் சந்தில் நின்றால் ஏலக்கடை மாதிரி இருக்கும். புதிதாக வருகிற விருந்தினர்கள் சண்டை என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். விருதுநகரிலிருந்து வந்த என் தம்பி குளிக்கப் போகுமுன், "குளிக்கப் போறேன்!" என்று பயந்து பயந்து கத்திவிட்டுப் போனான். எல்லா வீட்டிலிருந்தும் "போடு!" என்று பதில் வந்தது.

கத்தாமல் போடலாம் என்று அவர் அனுமதித்த பொருள் ஒன்றே ஒன்று. கரும்பலகையில் ஆறாம் நம்பருக்குக் கீழே தனி வரி: 'பாப்பா மெஷின் 0.6 – கேக்க வேணாம்.' நாங்கள் குடிவந்த மறுநாளே அவர் எழுதியது. மழையில் அழிந்தால் மற்ற வரிகளை எப்போதாவது எழுதுவார். அந்த வரியை மழை விட்டதுமே எழுதிவிடுவார்.

நான் பி.எஸ்சி. கணக்கு. ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் ஸ்டாக் பார்க்கிற வேலை. படித்தவள் என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. அதை அவர் இரண்டு தவணையாக இறக்கி வைத்தார்.

முதல் தடவை, டாங் டெஸ்டரை நான் பிடித்துப் பார்க்கிறேன் என்று வாங்கி, மூன்றாம் வீட்டு ஃபேன் ஒயரைக் கொடுக்குக்குள் வைத்தேன். சீரோ காட்டியது. ஃபேன் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. "கரண்டே எடுக்கல" என்று அறிவித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் இரண்டாம் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"ரெண்டு ஒயரையும் சேத்துப் புடிச்சிருக்கியே! ஒண்ணுல போவுது, ஒண்ணுல வருது. போறதும் வர்றதும் கழிஞ்சா சீரோதான? ஒத்த ஒயரப் புடி."

இரண்டாவது, ஈ.பி. வோல்டேஜ் படுத்துப்போன ஒரு மாலை. போர்டிலேயே நூற்றி எழுபதுதான். மூன்றாம் வீட்டில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி. நான் சாக்பீஸை எடுத்துச் சுவரில் வகுத்தேன். ஆயிரத்தை நூற்றி எழுபதால் வகுத்தால் ஐந்தே முக்காலுக்கு மேல். "வோல்டேஜ் குறைஞ்சா ஆம்பியர் ஏறுது. ஃபியூஸ் போயிடும்" என்றேன்.

அவர் என் கணக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வகுத்தல் சரி. ஆனா அந்த ஆயிரம் எங்கேர்ந்து வந்துது?"

"அதுல எழுதியிருக்கே."

"அது இருநூத்தி முப்பது குடுத்தா ஆயிரம். உள்ள இருக்கற கம்பி அதே கம்பிதான? அதோட ரெசிஸ்டன்ஸ் அம்பத்தி மூணு ஓமு. வோல்ட்டு கொறஞ்சதுன்னு கம்பி மாறிடுமா? நூத்தி எழுவத அம்பத்தி மூணால வகு."

வகுத்தேன். மூன்றே கால்கூட இல்லை.

"இப்ப அத நூத்தி எழுவதால பெருக்கு."

ஐநூற்று நாற்பத்து சொச்சம். ஆயிரம் வாட் பெட்டி பாதிச் சூட்டில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மூன்றாம் வீட்டுக்காரி, "அதான் இந்தச் சட்டை சுருக்கமே போவல" என்றாள்.

"நீ பி.எஸ்சி. படிச்சிருக்க. கம்பி படிக்கலம்மா" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

டாக்டர், பாப்பாவைக் காலையில் வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சிலிண்டருக்குச் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. வாளியில் தொங்கவிடும் ஒரு ஹீட்டர் கம்பியை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். ஆயிரம் வாட். எனக்குக் கொடுக்கப்பட்ட மொத்தப் பங்கைவிட அதிகம். தண்ணீர் காய வைக்கக் கரண்ட் கிடையாது என்பது கரும்பலகையின் கடைசி வரி. எங்களுக்கு முன் ஆறில் இருந்தவர்கள் ஹீட்டர் வைத்துப் பிடிபட்டுத்தான் காலி செய்தார்கள் என்று நாலாம் வீட்டு அக்கா சொல்லியிருந்தார். இருமுகிற குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு வீடு தேடும் தெம்பு எனக்கு இல்லை. எல்லோரும் தூங்கும் காலை ஐந்தே முக்காலுக்கு, யாரிடமும் கத்தாமல், சுவிட்சைப் போட்டேன். தினமும்.

போட்டதும் எங்கள் டியூப்லைட் கண் சிமிட்டும். ஃபேன் மெதுவாகும். ஈ.பி.காரனின் கோளாறு என்று நானே முடிவு செய்து, கம்ப்ளைன்ட் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதிவிட்டு வந்தேன். ஓனரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கொடுக்கோடு வருவார். வந்தால் ஹீட்டர் மாட்டும்.

அதே நாட்களில் பின்வரிசையில் கருவாட்டுச் சண்டை ஆரம்பித்தது.

நாலாம் வீட்டு அக்கா சைவம். காலை ஆறு மணிக்கு விளக்கேற்றுகிறவர். அந்த நேரத்தில் கருவாடு வறுக்கும் நாற்றம் வருகிறது என்று ஐந்தாம் வீட்டின் மேல் பாய்ந்தார். ஐந்தாம் வீட்டுக்காரி காவேரிப்பட்டினத்துப் பெண், தையல் கம்பெனியில் வேலை. சும்மா இருப்பாளா?

"காலங்காத்தால ஆறு மணிக்கு எவளாவது கருவாடு வறுப்பாளா? அதும் வெள்ளிக்கெழம? எங்கூட்ல இன்னிக்கு முட்டகூட வேக்கலங்க்கா!"

"அப்ப மீன் நாத்தம் எங்கேருந்து வருது? என் சாமி படத்துல இருந்தா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஏத்தற எண்ணெயப் போயி மோந்து பாருங்க!"

வழக்கு ஓனரம்மாவிடம் போனது. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சும்னிருங்க ரெண்டு பேரும். மூக்குக்கு மீட்டர் கெடையாது. நான் எத வெச்சு அளக்கறது?" என்று தீர்ப்பை ஒத்திவைத்தார். என் வீட்டிலும் அந்த வாடை வந்தது. நானும் ஐந்தாம் வீடு என்றுதான் நினைத்தேன். ஊதுபத்தி ஏற்றினேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஓனரம்மா இல்லாத நாள் என்பதால் கத்துகிற சட்டம் மதியத்திலிருந்தே அமலில் இல்லை. ஐந்தாம் வீட்டில் இஸ்திரி ஓடியது. நான் பாப்பாவுக்கு மார்பில் ஒத்தடம் கொடுக்க, பாத்ரூமில் வாளி ஹீட்டரைப் போட்டிருந்தேன். கையில் இருந்த சின்ன ஸ்டெபிலைசரில் நெபுலைசரைச் செருகினேன். அது டக் டக் என்று பல்லைக் கடித்ததோடு சரி. பாப்பா தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஐந்தாம் வீட்டுக்காரி சத்தம் கேட்டு, இஸ்திரியை அணைக்காமலே ஓடிவந்து அவள் முதுகைத் தடவ ஆரம்பித்தாள்.

நான் ஆனேக்கலுக்கு அடித்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை கட் செய்தார். மூன்றாவதில் நாதஸ்வரச் சத்தத்தோடு குரல் வந்தது.

"யாரு?"

"ஆறு."

"ரோமிங்கு. சொல்லு."

"பாப்பாக்கு மூச்சு முட்டுது. மெஷின் ஓடல. ஈ.பி.ல வோல்டேஜ சுத்தமா குறைச்சுட்டான்."

"அவன் கொறச்சான்னு பாத்தியா? ஆணில டெஸ்டர் தொங்குது. போர்டுல எத்தன வோல்ட்டு, உன் ரூம்ல எத்தன வோல்ட்டு, பின்லைன் ஒயர்ல எத்தன ஆம்பியர். மூணு நம்பரு. ஒத்த ஒயரு!" வைத்துவிட்டார்.

அவர் கணவர் டெஸ்டரை எடுத்துத் தரத் தயங்கினார். "அவ இல்லாதப்ப அதத் தொட்டதே இல்லம்மா" என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சாமி படத்தை எடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தார். போர்டில் முள்ளை வைத்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு. ஈ.பி.காரன் சரியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். ரூமுக்கு ஓடினேன். நூற்றி எழுபது. திரும்பி ஓடிவந்து பின்லைனின் ஒற்றை ஒயரைக் கொடுக்கில் பிடித்தேன். ஆறு.

போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். மூன்று நம்பரையும் சொன்னேன்.

"ஆறா? என்னென்ன ஓடுது?"

"அஞ்சுல இஸ்திரி. எங்க மெஷின். லைட்டு."

"அதெல்லாம் சேத்து மூணு. மிச்சம் மூணு யாருது?"

பார்டருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது.

"சரி, அத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். "போர்டுல இருநூத்திப் பன்னண்டு. உங்கிட்ட நூத்தி எழுவது. நாப்பத்திரண்டு வோல்ட்டு காணோம். அந்த ஒயர் நீளத்துக்கு ரெண்டு வோல்ட்டு போவலாம், நாப்பத்திரண்டு போவக் கூடாது. ஆறு ஆம்பியர்ல நாப்பத்திரண்டு வோல்ட்டுன்னா ஏழு ஓமு. யாரும் வெக்காத ஏழு ஓமு நடுவுல எங்கயோ வந்து ஒக்காந்துக்கினு இருக்குது. நாப்பத்திரண்ட ஆறால பெருக்கு."

"இருநூத்தி அம்பத்திரண்டு."

"இருநூத்தி அம்பத்திரண்டு வாட்டு. பத்து சால்டரிங் அயர்ன சேத்து வெச்சா வர்ற சூடு. நீங்க யாரும் சுவிட்சு போடல, ஆனா ஒரே எடத்துல எரிஞ்சிக்கினு இருக்குது. ஒயர் ஜாயின்ட்டுலதான் இருக்கும். பின்லைனுக்கு ஒரே ஜாயின்ட்டு. உங்கூட்டுப் பரண் மேல பொட்டி." அங்கே நிறுத்தினார். "பாப்பா எங்க இருக்கா?"

"கட்டில்ல."

"கட்டில் எங்க இருக்குது?"

"பரணுக்குக் கீழ."

அடுத்த நொடி கத்தினார். அவர் கணவருக்கும் கேட்டது, சந்து முழுக்கக் கேட்டது.

"புள்ளயத் தூக்குடீ! பின்லைன் ஃபியூஸ புடுங்கச் சொல்லு! ஒண்ணாம் நம்பர்ல வேற லைனு, மெஷின அங்க சொருகு! அப்பறம் பரணப் பாரு!"

நான் தூக்குமுன் ஐந்தாம் வீட்டுக்காரி தூக்கிவிட்டாள். ஓனரம்மாவின் கணவர் ஃபியூஸைப் பிடுங்கினார். பின்வரிசை அணைந்தது. ஒன்றாம் நம்பரில், டி.வி.யைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் நெபுலைசரைச் செருகினோம். கர்ர்ர். அந்தக் கரகரப்பைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. முகமூடி நிறைய வெள்ளைப் புகை. கால் மணி நேரத்தில் பாப்பாவின் தோள் அடங்கியது. ஓனரம்மாவின் கட்டிலிலேயே தூங்கிப்போனாள்.

டார்ச்சோடு ஸ்டூலில் ஏறினேன். பரணில் பாப்பாவின் போன வருஷத்து நோட்டுகள், பழைய பேப்பர்க் கட்டு, அவற்றின்மேல் ஒரு பஞ்சுத் தலையணை. தலையணையை இழுத்தேன். சுவரோரம் இருந்த பக்கம் தோசைபோலச் சிவந்து, நடுவில் கருகியிருந்தது. பின்னால் ஜாயின்ட் பெட்டி. மூடி உருகி வாய் கோணியிருந்தது. உள்ளே ஸ்குரூ தளர்ந்த இடத்தில் செம்பு கறுத்துப் போயிருந்தது. உருகிய அந்த மூடியிலிருந்து கெட்டியாக, சூடாக ஒரு வாடை என் முகத்தில் அடித்தது. கருவாடு.

கீழே நின்ற நாலாம் வீட்டு அக்கா மூக்கைப் பொத்தினார். பிறகு மெல்லக் கையை எடுத்தார். "இதேதான்... தினமும் விளக்கேத்தறப்ப வர்றது இதேதான்."

"நல்லா மோந்து பாருங்க்கா" என்றாள் ஐந்தாம் வீட்டுக்காரி. "எங்கூட்டுக் கருவாடு எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க. உப்பு போதுமா?"

நாலாம் வீட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் ஐந்தே முக்காலுக்கு அந்தப் பெட்டியைச் சூடாக்கியது யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டிலில் தூங்கும் குழந்தைக்கு நேர்மேலே, பஞ்சுக்கு நடுவில், நானே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் குளிப்பதற்காக.

என் மகள் இப்போது பெங்களூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். தினமும் போனில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், "பிளக் பாயின்ட்டத் தொட்டுப் பாத்தியா? சூடா இருக்கா?" என்று கேட்கிறேன். "அம்மா, கையெல்லாம் வேணாம், வோல்ட் கேளு, ஆம்பியர் கேளு" என்று கிண்டல் செய்கிறாள். எந்த ஊர் லாட்ஜில் தங்கினாலும் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். மீன் குழம்பு வாசனை வந்தால் முதலில் என் கண் பரணுக்குத்தான் போகிறது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஏழேகால் இருக்கும். சந்து முனையில் ஆட்டோ நின்றது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, கையில் தாம்பூலப் பை. பந்தியில் உட்காராமலே ஓனரம்மா எழுந்து வந்திருந்தார். வந்ததும் ஒன்றாம் நம்பருக்குள் போனார். தன் கட்டிலில் பாப்பாவின் மார்பில் கையை வைத்து, மூச்சை மனதுக்குள் எண்ணினார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார். தலையணையைப் பார்த்து நாக்கைக் கடித்தார். டார்ச்சை வாங்கி அறையைச் சுற்றி அடித்தவர், பாத்ரூம் வாசலில் நிறுத்தினார்.

வாளியில் ஹீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதை எடுத்து ஒளிக்க மறந்திருந்தேன்.

நாலு, ஐந்து, மற்ற வீடுகள், அவர் கணவர், எல்லோரும் அந்த வெளிச்ச வட்டத்தையே பார்த்தார்கள். "மிச்சம் மூணு" என்றார் ஓனரம்மா மெதுவாக. தினமும் நான் செய்ததை அழுதுகொண்டே சொன்னேன். எந்த நேரத்துக்கு என்றும் சொன்னேன். நாளைக்கே காலி செய்துவிடுகிறோம் என்றேன்.

அவர் தாம்பூலப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, நேரே கரும்பலகைக்குப் போனார். தண்ணீர் காய வைக்கக் கரண்ட் கிடையாது என்ற வரியைப் பட்டுப்புடவை முந்தானையாலேயே அழித்தார். சாக்பீஸைத் தேடி எடுத்து, என் பக்கம் திரும்பினார்.

"ஏ ஆறு, மூளை இருக்குதா உனக்கு? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே நேரம் குடுத்திருப்பேனே. அஞ்சே முக்கால் காலியாத்தான இருக்குது?"